பெயரும் இருப்பிடமும்



கிழக்கிலங்கைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே ஓர் ஆண்மகனின் முகவரி அவன் மணம் முடிக்கும் நாளோடு மாறிவிடுவது வழக்கம். பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குச் சென்று குடியிருப்பார். குடியும் தாய்வழியாகவே வரும். ஆதலால் எமது பாலமுனையிலே ஒருவர் பெயருக்குக் கடிதம் வந்தால், உறையின்மேல் எழுதியிருக்கும் வீதியின் பெயரை மட்டும் நம்பித் தபாற்காரர் புறப்படமாட்டார். “இவர் எந்தக் குடி? யாருடைய மருமகன்?” என்று வழியிலே இரண்டு பேரிடமாவது கேட்டுக்கொள்வார். எங்கள் வீட்டுக் கடப்படியிலே சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் இவ்வாறு விசாரித்த குரல் இன்னும் என் காதில் இருக்கின்றது. எங்கள் தெருவிலே ஒரே பெயருடைய மூவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் மணம் முடித்து இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டார். ஆயினும் அவருக்குரிய கடிதங்கள் அவருடைய உம்மாவின் வீட்டுக்கே ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன.

இன்னுமொரு சங்கடமும் உண்டு. பாலமுனை என்ற பெயரில் கிழக்கிலே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று, ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த எங்கள் ஊர். மற்றையது மட்டக்களப்பு மாவட்டத்திலே காத்தான்குடிக்கு அருகே உள்ளது. வெறுமனே “பாலமுனை” என்று எழுதினால் அது ஊரின் பெயர்தான்; ஆனால் எந்த ஊர் என்பது விளங்காது. “அட்டாளைச்சேனை” என்ற சொல்லைப் பின்னே சேர்த்தால்தான் கடிதம் வழிதெரிந்து வரும்.

முகவரி என்பது ஒருவரின் பெயரா, அல்லது அவருடைய இருப்பிடமா? இது தபாற்காரருக்கு மட்டும் உரிய கேள்வி என்றுதான் நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கலைப்பட்டதாரியான நான் கணினியைப் பற்றிப் பேச வந்தது, இதே கேள்வி கணினி உலகத்தையும் பல ஆண்டுகள் அலைக்கழித்தது என்பதையும், அந்த அலைக்கழிவு எங்கள் கரையோரத்துப் பாடசாலைகள் சிலவற்றை ஒரு நாள் தொட்டது என்பதையும் அறிந்த பின்னரே.

முதலில் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

அமெரிக்காவிலே 1969ஆம் ஆண்டு அர்பாநெற் என்னும் கணினி வலை தொடங்கியபோது அதிலே இணைந்திருந்த கணினிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருந்தது. எண்ணை நினைவில் வைப்பது மனிதருக்குக் கடினம். ஆகையால் பெயர் இட்டார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கூறும் பட்டியலைக் கலிபோர்னியாவிலிருந்த ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்திலே எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் குழு பேணி வந்தது. புதிய கணினி ஒன்றைச் சேர்க்க விரும்புவோர் அக்குழுவுக்கு அறிவிப்பார்கள். ஏனையோர் அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கிராமம் முழுவதற்கும் ஒரே தோம்பு வைத்திருந்தது போன்ற ஏற்பாடு அது. கிராமம் நகரமாகி, நகரம் நாடானபோது தோம்பு தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டு போல் மொக்கபெற்றிஸ் என்பார் புதிய முறை ஒன்றை வகுத்தார். பெயர்களைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியின் பொறுப்பையும் அந்தந்தப் படியில் உள்ளோரிடமே ஒப்படைப்பது அம்முறை. காத்தான்குடிப் பாலமுனையையும் அட்டாளைச்சேனைப் பாலமுனையையும் நாம் எப்படி வேறுபடுத்துகின்றோமோ, அப்படியே பெயருக்குப் பின்னே ஒரு புள்ளியிட்டு அடுத்த பெரிய வட்டத்தைச் சொல்வார்கள். கடைசியாக நாட்டின் குறி நிற்கும். இலங்கைக்குரிய ‘எல்கே’ என்ற குறி 1990ஆம் ஆண்டு பதிவாயிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் அவர்கள் அதைப் பேணி வளர்த்தவர்களுள் முதன்மையானவர்.

இந்த முறையிலே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பெயர் நிலைத்திருக்க, அதற்குப் பின்னே உள்ள எண் மாறலாம். கணினி பழுதானால் வேறொரு கணினியை வாங்கி வைத்து, பெயரை அதற்குத் திருப்பிவிட்டால் போதும். நாடுவோர் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே புதிய வீட்டுக்கு வந்து சேர்வார்கள். அஃதாவது, பெயர் வேறு, இருப்பிடம் வேறு என்பதை 1983ஆம் ஆண்டிலேயே உணர்ந்து கட்டிய அமைப்பு இது.

அடுத்து வருவது 1990ஆம் ஆண்டு. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ண் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்திலே ரிம் பேணர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், ஓரிடத்து ஆவணத்திலிருந்து வேறிடத்து ஆவணத்துக்குத் தாவிச் செல்லும் வழியை ஆக்கினார். அதற்கென அவர் எழுதிய முதல் நிரல் நெக்ஸ்ற் என்னும் கணினியிலே, ஒப்ஜெக்ரிவ்-சி என்னும் பொருள்நோக்கு மொழியிலே அமைந்தது. ஆகவே இன்று நாம் நாளாந்தம் கையாளும் இணைய முகவரி பிறந்த நாளிலேயே ஒரு பொருள்நோக்கு மொழியின் மடியில்தான் வளர்ந்தது எனலாம்.

அந்த முகவரியை நேயர்கள் கண்டிருப்பீர்கள். முதலில் எந்த முறையிலே கேட்பது என்பதைக் கூறும் சொல். பிறகு ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள். பிறகு கணினியின் பெயர். பிறகு அக்கணினிக்குள்ளே எந்த அறை, எந்த அலமாரி, எந்த ஏடு என்று காட்டும் பாதை. இதிலே ஒரு விநோதம். கணினியின் பெயரிலே சிறியது முன்னும் பெரியது பின்னுமாக வரும்; நாம் கடித உறையிலே வீட்டிலக்கம் முதலாக நாடு ஈறாக எழுதுவதைப் போல. பாதையிலோ பெரியது முன்னும் சிறியது பின்னும்! இரண்டையும் ஒரே வரியிலே வைத்துத் தைத்துவிட்டார்கள். இரட்டைச் சாய்கோடு தேவையற்றது என்று பேணர்ஸ்-லீ அவர்களே 2009ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார். உலகம் முழுவதும் எத்தனை விரல்கள் அந்த இரண்டு கோடுகளை அழுத்தித் தேய்ந்தன என்று எண்ணினால் சிரிப்புத்தான் வரும்.

நிற்க. இந்த முகவரிக்கு என்ன பெயர் இடுவது என்பதிலேயே முதற்பிணக்கு எழுந்தது. பேணர்ஸ்-லீ அதனை ஓர் அடையாளமாகவே கருதினார். ஓர் ஆவணத்துக்கு ஒரு பெயர். அது என்றும் அதற்கே உரியது. ஆனால் இணைய நியமங்களை வகுக்கும் குழுவிலே இருந்தோர் சிலர், “இது கணினியையும் அலமாரியையும் அல்லவா சுட்டுகின்றது? அலமாரி மாறினால் முகவரியும் மாறுமே! இதனை அடையாளம் என்பது பொருந்தாது, இருப்பிடங்காட்டி என்பதே பொருந்தும்” என்று வாதிட்டார்கள். 1994ஆம் ஆண்டு டிசம்பரிலே வெளிவந்த நியமத்திலே இருப்பிடங்காட்டி என்ற பெயரே இடம்பெற்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த வேறோர் ஏட்டிலே அடையாளம் என்ற பெயர் இருந்தது. ஆக, ஒரே ஆண்டில் ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர்கள். என் கருத்தைக் கேட்டால், இரு சாராரும் ஒவ்வொரு பாதி உண்மையைச் சொன்னார்கள் என்பேன். தகராறு தீராமலே காலம் நகர்ந்தது.

இவ்விடத்திலே பொருள்நோக்கு மொழி என்றால் என்ன என்று கூறவேண்டும். பழைய முறை நிரல்களிலே தரவு ஒருபுறம் கிடக்கும்; அதனைக் கையாளும் கட்டளைகள் மறுபுறம் கிடக்கும். 1960களிலே நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரிலே டால், நைகார்ட் என்னும் இருவர் சிமுலா என்ற மொழியை ஆக்கியபோது, தரவையும் அதற்குரிய செயல்களையும் ஒன்றாகக் கட்டி ஒரு பொருளாக்கினார்கள். 1970களிலே அமெரிக்காவிலே அலன் கே முதலானோர் சிமோல்ரோக் என்னும் மொழியிலே அந்த எண்ணத்தை மேலும் வளர்த்தார்கள். ஒரு மாணவனின் பிறந்த திகதியைச் சீட்டிலே எழுதி வைத்தால், அவனுடைய வயதை நாமே கணக்கிட வேண்டும். மாணவனையே அழைத்து, “தம்பி, உன் வயது என்ன?” என்று கேட்டால் அவனே விடை சொல்வான். சீட்டு வெறும் தரவு, மாணவன் பொருள். இத்தகைய பொருள்களை வார்க்கும் அச்சுக்கு வகுப்பு என்று பெயர். ஆசிரியத் தொழிலிலே தலை நரைத்த எனக்கு வகுப்பு என்றதும் கரும்பலகைதான் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் சொல் பொருந்தத்தான் செய்கின்றது.

1991ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திலே ஜேம்ஸ் கொஸ்லிங் முதலியோர் தொடங்கிய வேலை, 1995ஆம் ஆண்டு மே மாதத்திலே ஜாவா என்ற பொருள்நோக்கு மொழியாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவர்கள் கோப்பியை எண்ணி இந்தப் பெயரை இட்டார்கள். நமக்கோ அது பழகிய பெயர்தான். மணிமேகலைக் காப்பியத்திலே வரும் சாவக நாடும் இதுவே. நம் நாட்டு மலாய் மக்களைச் சிங்களத்திலே அழைக்கும் பெயரும் இதிலிருந்தே வந்தது. இணையத்துக்கெனவே புகழ்பெற்ற மொழியாதலால், இணைய முகவரியைக் கையாளும் வகுப்பு ஒன்றையும் 1996ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த முதற் பதிப்பிலேயே சேர்த்திருந்தார்கள். அதற்கு முன்னெல்லாம் முகவரி என்பது வெறும் எழுத்துக்களின் தொடர். எங்கே புள்ளி, எங்கே சாய்கோடு என்று நிரலரே தேடிப் பிரிக்க வேண்டும். இப்போது அம்முகவரியையே ஒரு பொருளாக்கி, “உன் முறை யாது? உன் கணினி எது? உன் பாதை என்ன?” என்று கேட்டால் அதுவே விடை கூறும். “கதவைத் திற” என்றால் வலையிலே சென்று அந்தப் பக்கத்தையும் கொண்டுவந்து தரும். மிக்க வசதி. அந்நாளிலே இதனைப் புகழாதார் இல்லை.

ஆனால் அந்த வகுப்பினுள்ளே ஒரு பிழை உறங்கிக் கிடந்தது. இரண்டு முகவரிகளைக் கொடுத்து, “நீங்கள் இருவரும் ஒருவர்தானா?” என்று கேட்டால், அது பெயர்களை ஒப்பிட்டு விடை சொல்வதில்லை. வலைக்குள்ளே ஓடிச்சென்று, இந்தப் பெயருக்கு உரிய கணினியின் எண் யாது, அந்தப் பெயருக்கு உரிய எண் யாது என்று விசாரிக்கும். எண்கள் ஒன்றாயின், பாதையும் ஒன்றாயின், இருவரும் ஒருவரே என்று சாதிக்கும். ஒரே கூரையின்கீழ் இரண்டு குடும்பங்கள் இருந்தால், “வீடு ஒன்று, எனவே ஆளும் ஒன்று” என்று கூறும் தபாற்காரரை எண்ணிப் பாருங்கள். எங்கள் ஊர்த் தபாற்காரர் ஒருநாளும் செய்திராத தவறு!

அறிஞர்கள் ஏன் இவ்வாறு செய்தார்கள்? அவர்களைப் பழிப்பதற்கில்லை. அவர்கள் அந்த வகுப்பை எழுதிய காலத்திலே பெரும்பாலும் ஒரு கணினிக்கு ஓர் இணையத்தளம் என்ற நிலையே இருந்தது. 1997ஆம் ஆண்டு ஜனவரியிலே இணையத்தின் உரையாடல் முறை திருத்தப்பட்டு, வருகின்றவர் எந்தத் தளத்தின் பெயரைத் தேடி வருகின்றார் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. அதன் பயனாக ஒரே எண்ணுடைய ஒரே கணினியிலே நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கத் தொடங்கின. எண்களுக்கு முட்டுப்பாடு இருந்தபடியால் இது தேவையாகவும் இருந்தது. ஊர் கூட்டுக்குடும்பமாக மாறிவிட்டது. வகுப்பு மாத்திரம் பழைய கணக்கிலேயே நின்றது.

இதிலும் வேடிக்கை என்னவெனில், பெயரைப் பெயராகவே மதிக்கும் வழக்கமும் அதே ஜாவாவிலே இருந்தது. இருவேறு நிறுவனத்தார் எழுதும் நிரல்களின் பெயர்கள் மோதிக்கொள்ளாதிருக்க, அவரவர் இணையப் பெயரைத் தலைகீழாகத் திருப்பி முன்னொட்டாக வைக்கவேண்டும் என்பது அம்மொழியின் மரபு. முதலில் நாட்டின் குறி அல்லது பொதுக்குறி, பிறகு நிறுவனம், பிறகு நிரல். அந்தப் பெயரிலே கணினி ஒன்று இயங்குகின்றதா என்று எவரும் சென்று பார்ப்பதில்லை. அது வெறும் பெயர். சன் நிறுவனத்தை 2010ஆம் ஆண்டு ஜனவரியிலே ஒராக்கிள் நிறுவனம் வாங்கிவிட்டது. ஆயினும் சன் என்ற பெயர் ஜாவாவின் உட்பகுதிகளிலே முன்னொட்டாக இன்னும் வாழ்கின்றது. வீட்டுக்காரர் போன பின்பும் வளவின் பெயர் மாறாதது போல.

இனி, இந்தப் பிழை எங்களைத் தொட்ட கதையைச் சொல்கின்றேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் கரையை அழித்த செய்தியை நேயர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கும் மேல் உயிரிழந்தனர். இலங்கையிலே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் எங்களுடையதே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையை ஒட்டிய வீதிகளிலே இலக்கமிட்ட வீடுகள் இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. பின்னர், கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்ற விதியும் வந்தது. மக்கள் முகாம்களிலும், உறவினர் வீடுகளிலும், தொலைதூரக் குடியேற்றங்களிலுமாகச் சிதறினார்கள். முகவரி முழுவதும் அழிந்தது. எஞ்சியது பெயர் மட்டுமே.

அந்நாட்களிலே கொழும்பில் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாக ஒன்றுகூடிச் சில வாரங்களிலே சஹனா என்னும் இணையப் பதிவேட்டை ஆக்கினார்கள். காணாமற்போனோர் யார், எந்த முகாமில் யார் இருக்கின்றனர், எந்த நிறுவனம் எங்கே உதவுகின்றது என்பவற்றைப் பதிவதே அதன் பணி. அந்தப் பெயருக்குச் சிங்களத்திலே நிவாரணம் என்று பொருள். பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. பைதன் என்னும் பொருள்நோக்கு மொழியிலே புதிதாகவும் எழுதப்பட்டது. வீட்டிலக்கத்தை நம்பியிராமல் மனிதரை மனிதராகவே பதிய முயன்ற ஒரு முயற்சி என்ற வகையிலே நான் அதனை மதிக்கின்றேன்.

ஆண்டுகள் கடந்தன. எங்கள் கரையோரத்துப் பாடசாலைகள் பலவற்றின் பழைய மாணவர்கள் தத்தம் பாடசாலைக்கு இணையத்தளம் அமைத்து, அன்று இழந்த மாணவ மாணவியரின் பெயர்ப்பட்டியலையும் அதிலே இட்டு வைத்தார்கள். 2019ஆம் ஆண்டு, பதினைந்தாவது நினைவு நாளை ஒட்டி, அந்தப் பட்டியல்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டி ஓர் ஏடாக அச்சிட விரும்பினோம். என்னிடம் வரலாறு படித்த மாணவன் ஒருவன் அப்போது கணினிப் பொறியியலாளனாக இருந்தான். “சேர், நான் ஒரு நிரல் எழுதித் தருகின்றேன்” என்று முன்வந்தான். தளங்களின் முகவரிகளை ஒரு தொகுதியிலே இட்டு, ஒரே முகவரி இருமுறை வந்தால் ஒன்றை நீக்கி, எஞ்சியவற்றிலிருந்து பெயர்களைத் திரட்டுவது அவன் திட்டம். ஜாவாவிலே எழுதினான். தன் வீட்டிலே, வலைத்தொடர்பு இல்லாத வேளையிலே, முகவரிகளை எண்ணிப் பார்த்தான். எண்ணிக்கை சரியாக இருந்தது. வலையோடு இணைத்து ஓடவிட்டான். இரண்டு பாடசாலைகள் காணாமற்போயின.

அவற்றுள் ஒன்றிலே நான் முன்னர் படிப்பித்தவன். அச்சுக்குப் போகவிருந்த தாள்களைப் புரட்டும்போது எனக்குத் தெரிந்த பிள்ளைகளின் பெயர்களைத் தேடினேன், ஒன்றுமில்லை. எழுத்துப்பிழை என்றால் திருத்தலாம். ஒரு பாடசாலையே இல்லையென்றால் என்ன சொல்வது? அவனை அழைத்துக் கேட்டேன். இரண்டு இரவுகள் விழித்திருந்து காரணத்தைக் கண்டுபிடித்தான். மூன்று பாடசாலைகளின் தளங்களையும் ஒருவரே அமைத்திருந்தார். செலவு குறையட்டும் என்று மூன்றையும் ஒரே கணினியிலே வைத்திருந்தார். பட்டியல் இருந்த உட்பக்கத்தின் பாதையும் மூன்றிலும் ஒன்றே. கணினி எண் ஒன்று, பாதை ஒன்று. ஆகவே மூன்றும் ஒன்றே என்று முடிவு செய்து, முதலாவதை வைத்துக்கொண்டு மற்றை இரண்டையும் அந்த வகுப்பு தள்ளிவிட்டது. வீட்டிலே வலைத்தொடர்பு இல்லாதபோது அதற்கு எண்களை விசாரிக்க வழியில்லை. ஆதலால் பெயர்களை மட்டும் ஒப்பிட்டு உண்மையைச் சொன்னது. வழி இருந்தபோது பொய் சொன்னது! “இது எல்லோருக்கும் தெரிந்த பிழைதான் சேர். நான்தான் மறந்துவிட்டேன்” என்று அவன் தலை குனிந்தான். எல்லோருக்கும் தெரிந்த பிழையை ஏன் இத்தனை ஆண்டுகள் வைத்திருக்கின்றார்கள் என்று எனக்கு முதலிலே சினம் வந்தது.

காரணத்தைப் பின்னர் விளக்கினான். அந்தப் பழைய நடத்தையை நம்பி எழுதிய நிரல்கள் உலகெங்கும் இருக்கக்கூடும். அதனைத் திடீரென மாற்றினால் அவை இடறும். எனவே ஜாவாவின் காவலர்கள் பழைய வகுப்பைத் தொடாமல், 2002ஆம் ஆண்டு பெப்ரவரியிலே வந்த பதிப்பிலே அதற்கு அருகே புதிய வகுப்பு ஒன்றைக் கட்டினார்கள். இருப்பிடங்காட்டி என்பது பழையதன் பெயர். அடையாளம் என்பது புதியதன் பெயர். 1994ஆம் ஆண்டுப் பிணக்கிலே தோன்றிய இரண்டு பெயர்களும் இவ்வாறு இரண்டு வகுப்புக்களாயின! புதியது வலைக்குள் ஓடுவதில்லை. முகவரியை எழுத்தெழுத்தாகப் பகுத்து, பெயரைப் பெயரோடு ஒப்பிட்டு விடை சொல்லும். பக்கத்தைக் கொண்டுவர வேண்டுமானால் மட்டும் பழையதாக மாறிக்கொள்ளலாம். உம்மாவின் பழைய வீட்டை இடிக்காமல் அதே வளவிலே மகளுக்குப் புதிய வீடு கட்டிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமல்லவா? அதனை எண்ணியதும் என் சினம் தணிந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்துப் பதிப்பிலே பழைய வீட்டின் முன்வாசலையும், இனி இவ்வழியால் நுழையாதீர் என்று அறிவித்து, புதிய வீட்டின் வழியாகவே வரும்படி கூறிவிட்டார்கள்.

அந்த இரண்டு இரவுகளிலே வேறொரு குறையும் வெளிப்பட்டது. அது தமிழைப் பற்றியது.

இணைய முகவரிக்குள்ளே ஆங்கில எழுத்துக்களும் இலக்கங்களும் சில குறிகளுமே செல்லலாம் என்பது தொடக்ககால விதி. வேறு எழுத்துக்கள் வரவேண்டுமானால் அவற்றை உடைத்து, விழுக்காட்டுக் குறியும் அதன்பின் இரண்டு குறிகளுமாக எழுதவேண்டும். பாலமுனை என்று எழுதினால் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி அதனை ஏழு கூறுகளாகக் காணும்: பகரம், கால், லகரம், மகரம், உகரக் குறி, னகரம், ஐகாரக் குறி. ஒவ்வொரு கூறும் மூன்று பைற்றுக்கள். ஒவ்வொரு பைற்றும் மூன்று குறிகள். ஆக, எங்கள் சிறிய ஊரின் பெயர் முகவரிக்குள்ளே 63 குறிகளாக நீண்டு கிடக்கும். வாசிக்க இயலாது, ஆனால் பொருள் கெடாது. மறுமுனையிலே அதனை மீட்டால் மீண்டும் பாலமுனைதான்.

கெடுவது எங்கே? ஒருங்குறி என்னும் உலக எழுத்துமுறையிலே தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஜாவாவும் பிறக்கும்போதே அந்த முறையை ஏற்றுப் பிறந்த மொழி. ஆகவே அதன் வீட்டுக்குள்ளே தமிழ் எழுத்துக்கு முதல் நாள் முதலாகவே பாய் விரித்திருந்தது. ஆனால் எழுத்தை முகவரிக்காக உடைத்துக் கொடுக்கும் வாசலிலே, எந்த முறைப்படி உடைப்பது என்று முன்னர் விதிக்கவில்லை. அந்தந்தக் கணினியின் வழக்கம் எதுவோ அதன்படி உடைத்தது. மேலைநாட்டு எழுத்துக்களுக்கென அமைத்த கணினியிலே தமிழெழுத்துக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி ஒன்றை வைத்துவிடும். பாலமுனை ஏழு கேள்விக்குறிகளாயிற்று. நிந்தவூரும் கேள்விக்குறிகள், மருதமுனையும் கேள்விக்குறிகள். கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க எந்த வித்தையாலும் முடியாது.

2002ஆம் ஆண்டுப் பதிப்பிலே, உடைக்கும் முறையை நிரலரே பெயர் சொல்லிக் குறிப்பிடும் வேறொரு வாசலும் திறக்கப்பட்டது; பழையதைப் பயன்படுத்தவேண்டாம் என்றும் அறிவித்தார்கள். ஆயினும் பழைய பாடநூல்களைப் பார்த்து எழுதுவோர் பழைய வாசலையே நாடினார்கள்; என் மாணவனும் அவர்களுள் ஒருவன். 2005ஆம் ஆண்டு ஜனவரியிலே, எங்கள் கரையிலே முகாம்கள் நிறைந்திருந்த அதே மாதத்திலே, ஆங்கிலம் அல்லாத எழுத்துக்களை முகவரியிலே எவ்வாறு வழங்குவது என்ற உலக நியமம் வெளிவந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஜாவாவிலே எந்தக் கணினியாயினும் ஒருங்குறி வழியே இயல்பான வழக்கம் என்று விதித்தார்கள். ஆங்கில எழுத்துக்களோடு பழகியவருக்கு இது சிறு திருத்தம். நமக்கோ, பெயர் பிழைத்ததா இல்லையா என்பதே வினா.

தளத்தின் பெயரையே தமிழில் வைப்பதற்கு வேறொரு வழியை 2003ஆம் ஆண்டு வகுத்தார்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துக்களும் இலக்கங்களும் கலந்த ஒரு மறைகுறியாக மாற்றி வைப்பார்கள். கணினிகள் மறைகுறியைக் கண்டுகொள்ளும், மனிதர் தமிழையே காண்பார்கள். 2006ஆம் ஆண்டு இறுதியில் வந்த ஜாவாவிலே இம்மாற்றத்துக்கெனவே ஒரு வகுப்பு சேர்ந்தது. 2010ஆம் ஆண்டிலே இலங்கைக்கு, ‘எல்கே’ என்பதோடு, ‘இலங்கை’ என்று தமிழிலும் ‘லங்கா’ என்று சிங்களத்திலும் இரண்டு புதிய குறிகள் உலகப் பெயரேட்டிலே ஏறின. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தமிழ்க்குறி கிடைத்திருக்கின்றது. ‘இலங்கை’ என்பதன் மறைகுறி 16 குறிகள் கொண்டது. அதனை உரக்க வாசிக்க முயன்றால் நாக்குச் சுளுக்கும். ஆனால் அதற்குப் பின்னே நிற்பது நம் நாட்டின் பெயர். பேச்சளவிலே இதனைப் போற்றும் நம்மவர், தளம் அமைக்கும்போது தமிழ்ப் பெயரை நாடுவது மிகக் குறைவு. பாடசாலைகளையும் சேர்த்தே இதனைச் சொல்கின்றேன்.

நாங்கள் திரட்டிய ஏடு இரண்டு கிழமை தாமதமாகத்தான் அச்சேறியது. விடுபட்ட இரண்டு பாடசாலைகளும் இடம்பெற்றன. கேள்விக்குறிகளாகிவிட்ட ஊர்ப்பெயர்களை, முகவரிகளிலிருந்து மீட்க முடியாமையால், அந்தந்த ஊர் ஆசிரியர்களுக்குத் தொலைபேசியிலே அழைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கையாலே எழுதிச் சேர்த்தோம். கடைசி நாளன்று என் மாணவன் மற்றுமொரு சந்தேகத்தோடு வந்தான். பட்டியலிலே ஒவ்வொரு பெயருக்கும் நேரே முகவரி என்று ஒரு நிரை இருந்தது. அதிலே பல முகவரிகள் கரையோர வீதிகளுடையவை. அவ்வீடுகள் இன்று இல்லை. சில குடும்பங்கள் எங்கே குடியேறின என்று தெரியும், சில குடும்பங்களிலே எவருமே எஞ்சவில்லை. “சேர், இந்த நிரையை எடுத்துவிடட்டுமா? இல்லாவிட்டால் பெற்றோர் இப்போதிருக்கும் முகவரியைப் போடட்டுமா?” என்று கேட்டான்.

அன்றைய வீட்டின் முகவரியையே இருக்கவிடச் சொன்னேன். அவ்வாறே அச்சிட்டோம்.